பெட்டி இருந்த இடம்

"ஷீட்டு ஒட்றது அர நாளு சார். பழைய கம்ம சொரண்டி எடுக்கிறதுதான் வேல. அதுலதான் மன்சனுக்கு இடுப்பு கயண்டு பூடும்" என்று தரைக்கு ஷீட் ஒட்டுகிற குப்பன் முதல் நாளே சொல்லிவிட்டான். நான்தான் காதில் வாங்கவில்லை. வேலை நடப்பது என் வீட்டிலும் இல்லை. ஆனால் ஆளைப் பிடித்துக் கொடுத்தவன் நான் என்கிற தோரணையில், எதிர் வீட்டு வராண்டாவில் குடையோடு நின்றுகொண்டு, "புதன்கிழமைக்குள்ள முடிச்சுடணும்ப்பா, வெள்ளிக்கிழமை இந்த வீட்டுப் பையன் வரான்" என்று அதிகாரம் பண்ணினேன். ரிட்டயர் ஆனவனுக்கு ஊரான் வீட்டு வேலையில் இருக்கிற சுறுசுறுப்பு தன் வீட்டு வேலையில் வராது. இதை நான் சொல்லவில்லை. என் மனைவி லோகநாயகி தினமும் சொல்வது.

எதிர் வீடு அசரியா சாருடையது. கிழக்குத் தாம்பரத்திலிருந்து மாடம்பாக்கம் போகிற பக்கம் எங்கள் தெரு. மழை வந்தால் முழங்கால் தண்ணீர், வராவிட்டால் லாரித் தண்ணீர். இரண்டு குடும்பமும் முப்பத்தைந்து வருஷமாக எதிரும் புதிருமாக இருக்கிறோம். அசரியா சார் கணக்கு வாத்தியார். அவர் மனைவி சாராள் டீச்சர் தமிழ் வகுப்பு எடுத்தவர். மூத்தவன் எபி கனடாவில் இருக்கிறான். இளையவள் ஈவ்லினுக்குக் கிண்டியில் ஒரு ஆபீஸில் வேலை. முப்பத்தாறு வயதாகிறது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றி அவளிடம் வாயைத் திறந்தவர்கள் யாரும் மறுபடி திறந்ததில்லை.

சாராள் டீச்சர் போன நவம்பரில் போய்விட்டார். வருகிற சனிக்கிழமை வருஷ ஜெபம். வீட்டுக்கு ஐம்பது பேர் வருவார்கள். அதற்குள் கூடத்துத் தரையை மாற்றிவிட வேண்டும் என்று ஈவ்லின் ஒரே பிடிவாதம்.

அந்தத் தரையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அடியில் இருப்பது சிவப்பு ஆக்சைடு தரை. விரிசல் விட்டு, மழைக்காலத்தில் ஓதம் ஏற ஆரம்பித்ததும் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மேலே வினைல் ஷீட் ஒட்டினார்கள். மரப்பலகை மாதிரி கோடு போட்டது. சாராள் டீச்சர் தேர்ந்தெடுத்தது. நன்றாகத்தான் இருந்தது. போன வருஷம் கூடத்தின் நடுவில் அது உப்பிக்கொண்டது. ஆறரை அடி நீளம், இரண்டரை அடி அகலம். யாரும் டேப் வைத்து அளக்கத் தேவையில்லாத அளவு. டீச்சரைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டி இருந்த இடம் அது. பார்த்தவுடனே தெரியும்.

உப்பின இடத்தின் ஓரம் கிழிந்து, சுருண்டு, போன செப்டம்பரில் அசரியா சார் அதில் கால் தடுக்கி விழுந்து முழங்கையை உடைத்துக்கொண்டார். அப்படியும் மனுஷன் தரையைத் தொட விடவில்லை. ஈவ்லின் இரண்டு தடவை ஆளைக் கூட்டிவந்தாள். இரண்டு தடவையும் அவரே திருப்பி அனுப்பினார். மூன்றாவது ஆள் குப்பன். இரும்புலியூர்க்காரன். என் வீட்டு மாடி அறையில் ஷீட் ஒட்டியவன். இவனை மட்டும் ஏன் உள்ளே விட்டார் என்று கேட்டால், நான் கூடவே போய் நின்றேன் என்பதுதான் காரணம். முகத்துக்கு நேரே மறுக்க அவருக்கு வராது.

போன நவம்பரில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். டீச்சர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இறந்தார். எபி கிளம்பினான். வழியில் புயல் மழை. சென்னையில் விமானம் இறங்க முடியாமல் எங்கோ திருப்பிவிட்டார்கள். "எபி வந்து முகத்தைப் பார்க்கணும்" என்று அசரியா சார் பிடித்த பிடியில் நின்றார். மூன்று நாள் உடம்பைப் பெட்டியில் வைத்திருந்தோம். கரண்ட் போனால் பெட்டியின் வயரை இன்வெர்ட்டர் பாயின்ட்டுக்கு மாற்றிச் சொருக வேண்டும் என்று ஈவ்லினிடம் சொல்லி வைத்திருந்தார்கள். மூன்று நாள் கண் மூடாத பெண். செவ்வாய்க்கிழமை ராத்திரி சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டாள். அன்று பார்த்து மூன்று மணி நேரம் கரண்ட் போனது. புதன் காலையில் பார்த்தால் பெட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கூடம் முழுக்கத் தண்ணீர். டீச்சரின் முகம் பார்க்கக் கூடாத அளவுக்கு மாறியிருந்தது.

ஆயர் வந்து பார்த்துவிட்டு, சவப்பெட்டியை மூடிவிடச் சொன்னார். ஒன்பது மணிக்கு எபி வந்தான். மூடிய பெட்டிதான் அவனுக்குக் கிடைத்தது. "ஒரு தடவ திறங்க, ஒரே தடவ" என்று அவன் பெரியவர்கள் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டு கெஞ்சியது இன்னும் என் காதில் இருக்கிறது. யாரும் திறக்கவில்லை. கல்லறைத் தோட்டத்து வாசலில் அவன் தங்கையைப் பார்த்து, "ஒரு ராத்திரி முழிச்சிருக்க முடியலையா உன்னால?" என்று கேட்டான். அவ்வளவுதான். அதற்கப்புறம் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு வருஷம்.

இதில் என் பங்கும் உண்டு. அன்று தெருமுனையில் நாலு பேர் நடுவில், "அந்தப் பொண்ணு கொஞ்சம் ஜாக்கிரதையா இருந்திருக்கலாம்" என்று நானும் சொன்னேன். நாக்குக்கு எலும்பில்லையே.

திங்கட்கிழமை குப்பன் பழைய ஷீட்டைக் கிழித்தான். அது சுலபமாகவே வந்தது. அடியில் கருகருவென்று பசை, தார் ஊற்றின மாதிரி. சிவப்புத் தரை இருக்கிற சுவடே இல்லை.

"இது இன்னா சார் கம்மு! அந்தக் காலத்து ஆளுங்க ஒட்னா ஒட்னதுதான்" என்றான் குப்பன்.

"தின்னர் ஊத்தி எடுத்துடேன்" என்றேன்.

"மய பேஞ்சிகினு கீது, ஜன்னல் பூரா மூடிக் கீது. உள்ள தின்னர் ஊத்துனா வூட்டுக்காரர் மயங்கி வுயந்துடுவாரு. சுடுதண்ணிதான் சார். நீ சொம்மா ஒக்காரு."

அவன் முறை இதுதான். ஈவ்லின் அடுப்பில் பெரிய குண்டானில் தண்ணீர் கொதிக்க வைத்துக் கொடுப்பாள். இவன் கோணியை நனைத்துப் பசைமேல் விரித்து, அதன்மேல் கொதிதண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவான். கால் மணி நேரம் காத்திருப்பான். கோணியை எடுத்தால் பசை இளகியிருக்கும். உடனே சுவருக்குப் பட்டி பூசுகிற தகட்டால் சுரண்ட வேண்டும். ஆறினால் மறுபடி இறுகிவிடும். இரண்டு சாண் அகலம் சுரண்ட அரை மணி. முட்டிக்குக் கீழே பழைய தலையணை ஒன்றை வைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் சுரண்டினான். அந்தச் சத்தத்தில் என் வீட்டில் இருந்தே எனக்குப் பல் கூசியது.

"பழசு மேலயே புதுச ஒட்டிட முடியாதாப்பா?" என்று அசரியா சார் கேட்டார். கூடத்து மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே ஃபேன். குளிரோ மழையோ, அவருக்கு ஃபேன் ஓட வேண்டும். முழங்கையில் இன்னும் கட்டு இருந்தது.

"ஒட்லாம் சார். ரெண்டு மாசத்துல உப்பிக்கும். கீய கீற மேடு பள்ளம் அத்தினியும் மேல தெரியும். அப்பால குப்பன் ஏமாத்திட்டான்னு நீயே என்ன திட்டுவ."

"நான் திட்ட மாட்டேன்" என்றார் சார். குப்பன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஓரங்களெல்லாம் முடிந்து நடுக்கூடத்துக்கு வந்தான். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஈவ்லின் லீவு போட்டிருந்தாள். சமையலறையில் தக்காளிச் சாதம் தாளிக்கிற வாசனை. லோகநாயகி கொடுத்தனுப்பிய வடாம் டப்பாவோடு நான் போய் உட்கார்ந்தேன்.

பெட்டி இருந்த இடத்தில் பசை கருப்பாக இல்லை. சாம்பல் நிறத்தில் பூத்துப்போய், தகடு பட்டதும் பொடிப்பொடியாக வந்தது. கோணியும் வேண்டாம், சுடுதண்ணீரும் வேண்டாம். குப்பன் கொஞ்சம் சுரண்டிவிட்டு நிறுத்தினான். விரலால் பொடியை எடுத்துத் தேய்த்துப் பார்த்தான்.

"மேடம், இந்தாண்ட இன்னா வச்சிருந்தீங்க? ஐஸ் பொட்டியா?"

சமையலறை வாசலில் கரண்டியோடு நின்ற ஈவ்லின், "ஆமா" என்றாள்.

"நெனச்சேன். என் மச்சான் பெருங்களத்தூர்ல பொட்டி வண்டிதான் ஓட்றான். எத்தினி நாளு வச்சிருந்தீங்க?"

"மூணு நாள். கடைசி நாள் ராத்திரி கரண்ட் போச்சு. மூணு மணி நேரம்." அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. பரீட்சைக்குப் படித்த பதில் மாதிரி சொன்னாள். "வயரை மாத்திச் சொருகணும். நான் தூங்கிட்டேன்."

குப்பன் தலையை ஆட்டினான். "கம்மு இப்டி பூக்கணும்னா ரொம்ப தண்ணி நின்னுருக்கணும். மூணு மணி நேரத்துக்கு இவ்ளோ தண்ணி வராது மேடம். மூடி தெறக்காத கீற பொட்டி ஆறு மணி நேரம் தாங்கும். என் மச்சான் கரண்ட் இல்லாத ஊருக்கெல்லாம் எட்து பூட்டு வந்துகீறான். இது உள்ள கீற ஐசு மொத்தமும் கரஞ்ச தண்ணி. அர நாளாவது மிசின் நின்னுருக்கணும். நீ தூங்குனதுக்கு மின்னாடியே யாரோ சுவிச்ச ஆஃப் பண்ட்டாங்க."

அவன் ஏதோ வேலை விஷயம் பேசுகிற மாதிரிதான் பேசினான். பேசிவிட்டு மறுபடி தகட்டை எடுத்தான்.

"நிறுத்துப்பா" என்றார் அசரியா சார்.

எழுந்து வந்தார். குப்பன் கையிலிருந்த தகட்டை வாங்கிக்கொண்டார். எழுபத்துமூன்று வயதில், உடைந்த கையோடு, மெல்ல மெல்லத் தரையில் மண்டியிட்டார். பொடியாகிக் கிடந்த பசையைச் சுரண்ட ஆரம்பித்தார்.

"அப்பா! என்ன பண்றீங்க? எழுந்திருங்க முதல்ல!"

அவர் நிமிரவில்லை. தரையைப் பார்த்தபடியே பேசினார்.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணி இருக்கும். ரங்கன் வீட்டுல சாப்பாடு போட்டாங்க. மாமி கூப்பிட்டாங்கன்னு எல்லாரும் போயிட்டீங்க. நான் மட்டும்தான் அவகூட இருந்தேன்."

ரங்கன் என்றது என்னைத்தான். எனக்கு அந்தச் சாயங்காலம் ஞாபகம் வந்தது. சாவு வீட்டில் அடுப்பு எரியாதென்று லோகநாயகி ரசஞ்சாதமும் அப்பளமும் செய்து எல்லாரையும் எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தாள்.

"கண்ணாடிமேல கை வச்சேன் ஈவ்லின். அஞ்சு நிமிஷத்துல கை மரத்துப் போச்சு. வெளியில மழைக்காத்து வேற. அம்மாவுக்குக் குளிர் ஆகாது. உனக்குத் தெரியும். டிசம்பர்ல சாக்ஸ் போட்டுக்கிட்டுதான் படுப்பா. நாப்பத்தொரு வருஷம் ஃபேனுக்குத்தான் எங்களுக்குச் சண்டை. நான் போடுவேன், அவ எழுந்து போய் அணைப்பா. மூணு நாளா அதுக்குள்ள கிடக்கறாளே, ஒரு பத்து நிமிஷம் அணைச்சு வச்சா என்னன்னு தோணிச்சு." தகடு தரையில் கிறீச்சென்றது. "அதோ அந்த போர்டுலதான். அணைச்சிட்டேன்."

ஃபேன் சுவிட்சும் அந்த பிளக் பாயின்ட்டும் ஒரே போர்டில் இருந்தன. ஈவ்லின் அதைப் பார்த்தாள்.

"அப்புறம் சபையிலேருந்து பெண்கள் வந்தாங்க. பாட ஆரம்பிச்சாங்க. ஆயர் வந்தார், ஜெபம் பண்ணினார். ஒண்ணு மாத்தி ஒண்ணு. எனக்கு மறந்தே போச்சும்மா. ஆண்டவர் சாட்சியா மறந்துபோச்சு. எட்டு மணிக்கு டாக்டர் மாத்திரை குடுத்துப் படுக்க வச்சிட்டார்."

அந்தப் பாட்டுக் கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். பெட்டிக்கு இரண்டடி தள்ளி. அதன் மோட்டார் ஓடுகிறதா நின்றிருக்கிறதா என்று அத்தனை பாட்டுக்கு நடுவில் ஒருத்தருக்கும் காது போகவில்லை.

"காலையில நான் எழுந்தப்ப மெஷின் ஓடிட்டுத்தானே இருந்துச்சு?" என்றாள் ஈவ்லின்.

"நான்தான் போட்டேன். அஞ்சு மணிக்கு முழிப்பு வந்து கூடத்துக்கு வந்தா காலெல்லாம் தண்ணி. அப்பதான் ஞாபகம் வந்துச்சு. ஓடிப்போய் சுவிட்சைப் போட்டேன். நீ அங்க சுவரோரம் தூங்கிட்டிருந்த. ராத்திரி கரண்ட் போச்சுன்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க. நான் வாயத் திறக்கல."

குப்பன் சுவரோரம் நகர்ந்து ஒட்டிக்கொண்டு நின்றான். எனக்கு எழுந்து போகவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

"ஒரு வருஷம்ப்பா" என்றாள் ஈவ்லின். முதலில் மெதுவாகத்தான் சொன்னாள். "ஒரு வருஷம்! கிறிஸ்மஸ் அன்னிக்கு அண்ணன் வீடியோ கால்ல வந்தான். நான்தான் உங்களுக்கு ஃபோனைப் பிடிச்சிட்டு நின்னேன். 'அப்பா, ஃபோனை நீங்க கையில வாங்கிக்கோங்க'ன்னான். ஓரத்துல என் மூஞ்சி தெரியுதாம். நீங்க வாங்கிக்கிட்டீங்க."

"வாங்கிக்கிட்டேன்."

"அவன் பொண்ணு ஜெனிக்கு என்னை யாருன்னே தெரியாது. தினம் ராத்திரி படுத்தா அந்தச் சுவர்தான்ப்பா கண்ணுல வருது. ஏன் சாஞ்சேன், ஏன் சாஞ்சேன்னு. நீங்க பக்கத்து ரூம்ல படுத்துட்டு நான் அழறதக் கேட்டுட்டுத்தானே இருந்தீங்க?"

"கேட்டுட்டுத்தான் இருந்தேன்." அவர் அழுதுகொண்டிருந்தார். கண்ணீர் பசைப்பொடியில் சொட்டியது. "எபி என்கூட மட்டும்தான் பேசறான். அதுவும் போயிடுமோன்னு பயம். வேற ஒண்ணும் சொல்லத் தெரியல. பயந்துட்டேன்."

ஈவ்லின் சமையலறைக்குள் போய்விட்டாள். ஏதோ பாத்திரம் சிங்கில் விழுந்த சத்தம் கேட்டது. அப்புறம் குழாய் ரொம்ப நேரம் ஓடியது. நானும் குப்பனுமாக அசரியா சாரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தோம். அவர் முட்டியில் கருப்புப் பசை ஒட்டியிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து ஈவ்லின் தட்டுகளோடு வந்தாள். முகம் கழுவியிருந்தாள். குப்பனுக்குத் தக்காளிச் சாதம், எனக்குக் கொஞ்சம், வடாம் பொரித்து வைத்திருந்தாள். அப்பாவின் தட்டைக் கையில் கொடுக்காமல் ஸ்டூல்மேல் வைத்தாள்.

"அண்ணன்கிட்ட சொல்ல வேண்டாம்" என்றாள்.

"ஈவ்லின்..."

"அவன் என்கிட்ட பேசறதில்ல. எனக்குப் பழகிடுச்சு. உங்ககிட்டயும் பேசாம நிறுத்திட்டான்னா நீங்க தாங்க மாட்டீங்க. அப்புறம் உங்களையும் நான்தான் பார்க்கணும். சாப்பிடுங்க, ஆறுது." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அங்கிள், நீங்களும் யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"சொல்லலம்மா" என்றேன். "உன்னைப் பத்தி நானும்கூட அன்னிக்குத் தெருவுல..."

"தெரியும் அங்கிள். காதுக்கு வந்துச்சு" என்றாள். அதைக்கூடக் கோபமில்லாமல்தான் சொன்னாள். அந்தக் குழந்தை முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் கை கால் கழுவிக்கொண்டு குப்பன் என் கேட்டருகில் வந்து நின்றான். "பேஜாராப் பூட்ச்சி சார். நான் என் வாய மூடிகினு சொரண்டிகினு போயிருக்கணும்."

"உன்மேல தப்பில்லப்பா."

"தப்பில்லதான். ஆனா அந்தப் பொண்ணு எனக்கு சோறு போட்டுச்சி பாரு, வடாம் வேற பொரிச்சி வச்சிச்சி சார்" என்றான்.

வீட்டுக்குள் வந்து லோகநாயகியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்ல மாட்டேன் என்று சொன்ன வாய்தான். அவளிடம் மறைத்து எனக்குப் பழக்கமில்லை. அவள் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள். "பாவம், பொண்டாட்டிக்குக் குளிருமேன்னு நினைச்ச மனுஷர், பொண்ணுக்கு வலிக்குமேன்னு நினைக்கலையே" என்றாள்.

புதன்கிழமை தரை காய்ந்ததும் குப்பன் புது ஷீட்டை ஒட்டினான். சொன்ன மாதிரியே அரை நாள்தான் ஆயிற்று. வெளிர்ச் சாம்பல் நிறம், கோடு கிடையாது. எந்த இடத்தில் பெட்டி இருந்தது என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது.

வெள்ளிக்கிழமை எபி வந்தான். தலைமுடி பாதி நரைத்துவிட்டது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தவன் குனிந்து தரையைப் பார்த்து, "நல்லா இருக்குப்பா" என்றான். ஈவ்லின் காபி கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தாள். அவன் அப்பாவோடு பேசிக்கொண்டே இருந்தான். காபியில் ஆடை படிந்தது. அரை மணி கழித்து அவளே வந்து எடுத்துக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஜெபம். வாடகை நாற்காலிகள் வராண்டா வரை போட்டிருந்தார்கள். வெளியே தூறல். மின்சாரம் போகவில்லை, அதுவரைக்கும் புண்ணியம். பாட்டெல்லாம் முடிந்ததும் ஆயர், "குடும்பத்தார் யாராவது டீச்சரைப் பத்தி சாட்சி சொல்லலாம்" என்றார். எபி எழுந்தான். அம்மா அவனுக்குக் கையெழுத்து கற்றுக்கொடுத்தது, மாதா மாதம் கடிதம் போட்டது எல்லாம் சொன்னான். நன்றாகப் பேசினான்.

"ஆனா ஒரு குறை எனக்குச் சாகிற வரைக்கும் தீராது. எட்டாயிரம் மைல் வந்தும் அம்மா முகத்தை நான் பார்க்கல. பார்க்க விடல" என்றான்.

கூடத்தில் இருந்த அத்தனை தலைகளும் ஈவ்லின் பக்கம் திரும்பின. சட்டென்று திரும்பி, சட்டென்று கீழே குனிந்தன. அவள் மடியிலிருந்த பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அசரியா சார் எழுந்தார்.

"அப்பா, உட்காருங்க" என்று ஈவ்லின் அடிக்குரலில் சொன்னாள். அவர் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தாள். அவர் அவள் கையை எடுத்துவிட்டு, நாலு எட்டு வைத்துக் கூடத்தின் நடுவில் வந்து நின்றார். மற்றவர்களுக்கு அது வெறும் தரை. எனக்கும் அவளுக்கும் தெரியும்.

"பெட்டியை அணைச்சது நான்" என்றார். "என் மகள் இல்ல. கரண்ட் போனதும் காரணம் இல்ல. சாராளுக்குக் குளிருமேன்னு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான்தான் அணைச்சேன். மறந்துபோய் விட்டுட்டேன். மறுநாள் தெரிஞ்சும் சொல்லாம இருந்தேன். என் மகள் ஒரு வருஷமா என் பாவத்தைச் சுமக்கிறா. இதான் என் சாட்சி."

எங்கோ ஒரு குழந்தை தும்மியது. எபி அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு நாற்காலிகளை இடித்துக்கொண்டு வெளியே போனான். ஆயர் அவசர அவசரமாக ஒரு கீர்த்தனை நம்பரைச் சொன்னார். ஆளுக்கொரு சுருதியில் பாடினார்கள்.

நான் வராண்டாவுக்கு வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். எபி தெருவில் மழையில் நின்றுகொண்டிருந்தான். ஈவ்லின் குடையை எடுத்துக்கொண்டு போய் அவன் தலைக்கு மேலே பிடித்தாள். அண்ணன் உயரம், அவள் கையைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றான் எபி. ஒரு வருஷத்துக்கப்புறம் அவளிடம் அவன் கேட்ட முதல் வார்த்தை.

"இந்தச் செவ்வாய்க்கிழமைதான்."

"ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாம்ல?"

"பண்ணா நீ எடுப்பியா?"

அவன் தங்கையின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். குடை சரிந்து இரண்டு பேரும் நனைந்தார்கள். எனக்கும் கண் மறைத்தது. நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

அடுத்த இரண்டு நாளும் அண்ணனும் தங்கையும் கூடவே திரிந்தார்கள். கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள், குரோம்பேட்டைக்குத் துணி வாங்கப் போனார்கள். ராத்திரி அங்கே விடிந்திருக்கும் நேரம் பார்த்து, ஜெனிக்கு ஃபோன் போட்டு, "இதான் உன் அத்தை" என்று காட்டினான். ஈவ்லின் சிரிக்கிற சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அப்பாவோடு எபி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் தட்டில் சாதம் போட்டான், மாத்திரை எடுத்துக் கொடுத்தான், முகத்தைப் பார்க்கவில்லை. அந்த மௌனம் ஒருத்தரிடமிருந்து எழுந்து பக்கத்து நாற்காலிக்குப் போய் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். "பரவால்ல ரங்கன். எனக்கு வர வேண்டியதுதானே" என்றார் அசரியா சார். சொன்னவரின் வாய் கோணியது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு எபி கிளம்பினான். லோகநாயகி கொடுத்த மிளகாய்ப்பொடிப் பொட்டலத்தோடு நான் போனேன். ராத்திரி முழுக்க மழை. வாசல் கதவு திறந்திருந்ததால் ஈரக்காற்று சில்லென்று உள்ளே அடித்தது. அசரியா சார் வெறும் பனியனோடு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். ஈவ்லின் டாக்ஸியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தாள். எபி கடைசிப் பையை எடுக்க உள்ளே வந்தான்.

"பத்திரமா போய்ட்டு வா தம்பி" என்றார் சார்.

அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் வரை போனான். அங்கே நின்றான். திரும்பி உள்ளே வந்து, சுவர் ஓரத்து போர்டில் கையை வைத்து ஃபேனை அணைத்தான். பிறகு யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டான். டாக்ஸி கிளம்புகிற சத்தம் கேட்டது.

ஃபேன் மெதுவாகச் சுற்றி நிற்கிற வரைக்கும் அசரியா சார் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்த ஈவ்லின், ஃபேன் ஓடவில்லையென்று பார்த்துவிட்டு வழக்கம்போல போர்டுக்குப் போனாள். "என்னப்பா, கரண்ட் இருக்கே. ஃபேன் போடவா?"

"வேண்டாம்மா" என்றார். "எபி அணைச்சிட்டுப் போனான்."